ஒரு மீட்டர் நூல்

வேலை பார்க்கும் ஊருக்குக் கிளம்பும்போது மகள் இரண்டு நிபந்தனை வைத்தாள். தான் வாங்கிக்கொடுத்த வாட்ச் அம்மாவின் கையில் எப்போதும் இருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டைத் தினமும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

"ரெண்டுல எது நின்னாலும் வேலையை விட்டுட்டு வந்து உன் பக்கத்துல உட்கார்ந்துருவேன். மிரட்டறேன்னு நினைக்காதே. நிஜமாத்தான் சொல்றேன்."

"சரி," என்றாள் அம்மா.

அப்போதெல்லாம் அவள் எதற்கும் சரிதான். கணவர் இறந்து துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "வாய்விட்டு அழுதுடுங்க, மனசு லேசாயிடும்" என்றபோதும் சரி என்றாள். ஆனால் அழவில்லை. அழுகையை உள்ளே அடக்கி வைத்திருக்கிறாள் என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும்? உதடு இருக்கிறது, விரல் அழுத்துவதும் தெரிகிறது, ஆனால் அது யாருடைய உதடோ. அவளுக்கு ஆள் முழுக்க அப்படி இருந்தது.

மகள் பாலம் கட்டும் இன்ஜினீயர். கண்காணாத தூரத்தில், ஓர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், தொங்குபாலம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. பெரிய காற்று அடித்தால் அந்தப் பாலம் எந்த வேகத்தில் ஆடும், எவ்வளவு ஆடும், ஆடியது எப்போது அடங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. இரண்டு கோபுரங்களும் நின்றுவிட்டன. அடுத்து அவற்றுக்கு நடுவே வடம் இழுக்க வேண்டும். பாலத்தின் உயிரே அந்த வடம்தான். இந்தச் சமயத்தில் இவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தால், அந்த நாற்காலியில் மறுநாளே இன்னொருவர் உட்கார்ந்துவிடுவார். பதினொன்றாம் வகுப்பில் அம்மாவிடமே பிசிக்ஸ் படித்து, அந்த வருஷமே பாலப் பைத்தியம் பிடித்த பெண் அவள்.

இவள் திரும்பி வரக் கூடாது. மரத்துப்போன அந்த உடம்புக்குள் அம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

அம்மா மேல்நிலை வகுப்புகளுக்கு பிசிக்ஸ் டீச்சர், எட்டாம் வகுப்புக்கு அறிவியலும் எடுப்பாள். அந்தப் பள்ளி ஆசிரியர் அறையில் எல்லாரையும் பாடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "கணக்கு இன்னிக்கு லீவா?" "வரலாறு, அந்தக் கதவைச் சாத்துங்க, காத்து வருது." இவள் பிசிக்ஸ். பக்கத்து மேஜைக்காரி, கல்லூரி நாளிலிருந்தே கூட வருகிறவள், கெமிஸ்ட்ரி.

வீட்டில் சமையல் எப்போதும் கணவருடையது. தபால் ஆபீஸில் கடிதங்களைத் தெருத் தெருவாகப் பிரித்துக்கொடுத்துக்கொண்டிருந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்ட மனிதர். எதையும் எந்தப் பெட்டியில் போட வேண்டும் என்று யோசிப்பது அவருக்குக் கைவந்த வேலை. பருவத் தொடக்கத்தில் இவளுக்கு டைம்டேபிள் கிடைத்த அன்றைக்கே அதைப் பிடுங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவார். பிறகு பென்சிலும் கையுமாக அதன் முன்னால் வெகுநேரம் நிற்பார்.

ஒரு டீச்சரின் வாரத்தில் எல்லா நாளும் ஒரே நாள் இல்லை. இதை வெளியே இருப்பவர்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை. அவர் யோசித்தார். காலையில் இடைவிடாமல் நான்கு வகுப்பு இருக்கும் நாளில், ஒரு வாய்க்கு ஒன்றாகப் போடக்கூடியவை டப்பாவில் இருக்கும்: வேகவைத்த கிழங்குத் துண்டு, வறுத்த கடலை, ஆப்பிள் கீற்று. கையில் ஒட்டக் கூடாது. சாக்பீஸ் பிடிக்கும் கை. "போர்டுல எழுதறப்ப பசங்களுக்கு முதுகைத்தானே காட்டுவே? அப்ப வாயில போட்டுக்கோ," என்பார். மதிய இடைவேளையில் வராந்தா கண்காணிப்பு இருக்கும் நாளில், நின்றுகொண்டே ஸ்பூனால் சாப்பிடக்கூடியது. மதியத்துக்குப் பிறகு உடனே எட்டாம் வகுப்பு என்றால் சோறு பாதி, காய் இரட்டிப்பு. வயிறு கனத்தால் கண் செருகும். எட்டாம் வகுப்பில் டீச்சர் கண் செருகினால் அவ்வளவுதான், வகுப்பு சந்தை. சாப்பாட்டுக்கு முந்தைய மணி ஓய்வாக இருக்கும் வியாழக்கிழமை மட்டும் முழுச் சாப்பாடு.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அவளுக்கு ஒன்றும் தெரியாது. டப்பாவைத் திறப்பாள், இருப்பதைச் சாப்பிடுவாள், மூடுவாள். சாயங்காலம் அவரோடு பூங்காவைச் சுற்றி நடப்பாள். அவர் கால் வேகமானவர், இவள் வாய் வேகமானவள். அவரைப் பிடிப்பதற்காக இவளும் வேகமாக நடக்க, அதுவே உடற்பயிற்சி ஆகிவிட்டது.

அவர் போன பிறகு பசி நின்றுவிட்டது.

பசி என்பது வயிறு காலியானதும் தானாக அடிக்கும் மணி என்று நாம் நினைக்கிறோம். அது அப்படி இல்லை. வயிறு நேரத்தைக் கற்றுக்கொள்கிற பிராணி. தினமும் எந்த நேரத்துக்குச் சோறு வருகிறதோ, அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வாசலில் வந்து நின்று கூப்பிட ஆரம்பிக்கும். யாரும் கதவைத் திறக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் கத்தும். அப்புறம் போய்விடும். பல நாள் இப்படியே நடந்தால் வருவதையே நிறுத்திக்கொள்ளும். அவளுடைய வயிறும் அப்படி வருவதை நிறுத்திக்கொண்டது. ஆசிரியர் அறை டீயும் இரண்டு பிஸ்கட்டும் அவளுக்குப் போதுமாக இருந்தன. போதவில்லை என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. அவள் உட்கார்ந்து பாடம் நடத்த ஆரம்பித்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வகுப்பில் நாற்காலியைத் தொடாதவள். கடைசி பெஞ்சு வரை நடந்து போய் ஒருவன் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே கேள்வி கேட்பவள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்து, சரியாகவே நடத்தினாள். பாடத்தில் ஒரு பிசகு கிடையாது. பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், எழுதிக்கொண்டார்கள்.

போட்டோவுக்கு முதல் நாளே வழி கிடைத்துவிட்டது. கெமிஸ்ட்ரி தன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். இவள் போனை நீட்டி ஒரு படம் எடுத்தாள்.

"என்னடி, என் சோத்தைப் பார்த்தா உனக்கு அழகா தெரியுதா?"

"பொண்ணுக்கு அனுப்பணும்."

"உன் சாப்பாடு எங்கே?"

"வேண்டாம்னு இருக்கு."

கெமிஸ்ட்ரி டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். இவள் மறுபடி அவள் பக்கமே தள்ளினாள். டப்பா மேஜையில் இரண்டு முறை போய்வந்தது. "நல்லா இருக்குடி நியாயம்," என்றாள் கெமிஸ்ட்ரி. "போட்டோவுல நீ சாப்பிடறே, எடை எனக்கு ஏறுது."

சோற்றுக்கு இப்படி ஒரு வழி. வாட்சுக்குத்தான் வழி இல்லாமல் இருந்தது.

அது காலடிகளை எண்ணும் சாதாரண வகை வாட்ச். எண்ணியதை அம்மாவின் போனுக்குச் சொல்லும். போன் மகளின் போனுக்குச் சொல்லும்; அங்கே அது நிமிஷத்துக்கு எத்தனை அடி என்ற கோடாக விழும். இதயத்துடிப்பு வரை காட்டும் விலை கூடிய வகையை மகள் எடுக்கப் போனபோது, "அதெல்லாம் எதுக்கு" என்று அம்மாதான் தடுத்தாள். முதல் வாரமே மகள் கூப்பிட்டாள்.

"என்னம்மா, கோடு தரையோட தரையா கிடக்குது? வாட்சை அலமாரிக்குப் போட்டு அழகு பார்க்கறியா?"

"தேர்வு நேரம். உட்கார்ந்து பேப்பர் திருத்தறேன்."

"அடுத்த வாரமும் இப்படியே இருந்தா டிக்கெட் போடுவேன். சொல்லிட்டேன்."

நடந்தால் போயிற்று. ஒன்றும் பெரிய காரியமில்லை என்று அவளுக்கும் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தோளில் பையோடு, காலில் செருப்போடு சோபாவில் உட்காருவாள், இதோ எழுந்து போகலாம் என்று. ஜன்னலுக்கு வெளியே பூங்கா மரங்கள் தெரியும். கொஞ்ச நேரத்தில் தெரியாது. இருட்டியிருக்கும்.

ஊசல் வந்தது தற்செயலாகத்தான். பதினொன்றாம் வகுப்புக்குத் தனி ஊசல் பாடம். நூலில் கட்டும் இரும்புக் குண்டு எங்கோ உருண்டு போயிருந்தது. தேட அலுப்பாக இருந்ததால், கையிலிருந்த வாட்சைக் கழற்றி நூலில் கட்டி ஆட்டிவிட்டாள். குண்டு எதுவானால் என்ன, விதி ஒன்றுதானே? ஊசல் ஒரு முறை போய்வர ஆகும் நேரத்தை நூலின் நீளம் தீர்மானிக்கிறது. குண்டின் எடை தீர்மானிப்பதில்லை. இன்னொரு அதிசயமும் உண்டு: எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதும் அந்த நேரத்தை அநேகமாகத் தொடுவதில்லை. பெரிய வீச்சாக இருந்தாலும், ஓய்ந்து சின்ன வீச்சாகிப் போனாலும், போய்வர அதே நேரம். நூல் ஒரு மீட்டர் இருந்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஏறக்குறைய சரியாக ஒரு விநாடி. அதனால்தான் எல்லாப் பிசிக்ஸ் டீச்சருக்கும் அந்த ஒரு மீட்டர் மேல் ஒரு பிரியம்.

மணி அடித்து, பிள்ளைகள் போன பிறகு வாட்சை அவிழ்த்தவள் அதன் முகத்தைப் பார்த்தாள். எண்ணிக்கை எகிறியிருந்தது.

வாட்ச் மேல் தப்பில்லை. அதன் உள்ளே அசைவை உணரும் ஒரு சின்னஞ்சிறு உறுப்பு உண்டு. நாம் நடக்கும்போது கை முன்னும் பின்னும் வீசுகிறது. அந்த வீச்சு ஒவ்வொன்றையும் அது ஓர் அடி என்று குறித்துக்கொள்கிறது. கையோடு ஆள் இருக்கிறாளா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை.

ஆய்வகத்துக்குப் பின்னால், பழைய கருவிகள் வைக்கும் ஒரு சின்ன அறை இருந்தது. மேலே உத்தரத்தில் ஒரு கொக்கி; மகள் படித்த வருஷம் ஊசலை அதில்தான் மாட்டிக் காட்டியிருந்தாள். அவள் நூலை அளந்து தொங்கவிட்டாள். குண்டையும் தேடி எடுத்து, அதோடு வாட்சைச் சேர்த்துக் கட்டினாள். கனம் கூடினால் காற்றின் தடை சட்டென்று ஓயவைக்காது. ஒவ்வொரு மணிக்கும் வகுப்பு மாறும்போது அந்த அறைக்குள் நுழைந்து, குனிந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போவாள். அடுத்த மணிக்குள் அது ஆடி ஓய்ந்திருக்கும். மறுபடி ஒரு தள்ளு. அன்றைய நாளில் அவள் மனம் ஊன்றிச் செய்த வேலை அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

மகள் கூப்பிட்டபோது குரல் ஒரு மாதிரி இருந்தது.

"பரவாயில்லையேம்மா. நடக்கறே போலிருக்கே."

"ம்."

"எங்கே நடக்கறே?"

"பள்ளிக்கூடத்துலதான். மணிக்கு மணி."

"ஓ," என்றாள் மகள். மணிக்கு மணி என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "சரி. நிறுத்திடாதே."

சாயங்காலம் ஊசலிலிருந்து அவிழ்த்துக் கட்டிக்கொண்ட வாட்சை ஆசிரியர் அறையில் எட்டிப் பார்த்த கணக்கு சார், "பிசிக்ஸ் போற போக்கைப் பார்த்தா ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்துருவாங்க போலிருக்கே! நானும்தான் நடக்கறேன், கேன்டீன் வரைக்கும்," என்று வயிற்றைத் தட்டிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் உதட்டை இழுத்துவைத்தாள்.

வாரங்கள் போயின. பள்ளிக்கூடத்தில் வாரங்கள் தாமாகப் போகும். டைம்டேபிள் என்ற ஒன்று இருக்கும்வரை, மனுஷி உள்ளே இருக்கிறாளா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. பாவாடை நாடாவை இறுக்கி முடிய வேண்டியிருந்தது. கைகளில் வளையல் முழங்கை வரை போய்வந்தது. கெமிஸ்ட்ரி ஒரு நாள் அவளை மேலும் கீழும் பார்த்து, "இப்படியே போனா உன்னைக் கொடியில காயப்போடலாம்டி," என்றாள். இவள் சரி என்றாள்.

கணக்கு சாருக்குக் காய்ச்சல் வந்த அன்றுதான் அது நடந்தது. யாராவது லீவு போட்டால், அவர் வகுப்புகள் ஓய்வு மணி உள்ளவர்கள் தலையில் விழும். அன்று எல்லாம் இவள் தலையில். காலை டீ கிடைக்கவில்லை. டீ நேரத்தில் ஒரு பெற்றோர் வந்து மகனைப் பற்றி நின்று பேசிவிட்டுப் போனார். மூன்றாவது மாடியிலிருந்து தரைத்தளம், தரைத்தளத்திலிருந்து மறுபடி மூன்றாவது மாடி. மதிய இடைவேளைக்கு மணி அடித்தபோது வழக்கம்போல ஆய்வகத்துக்குப் போனாள். போனை ஆய்வக மேஜையில் வைத்துவிட்டு, உள்ளறைக்குள் நுழைந்து, ஊசலைத் தள்ளக் குனிந்தாள்.

கண்ணுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு திரை இறங்கியது. அலமாரியைப் பிடித்தாள். பிடித்த கை தன்னுடையதா என்று தெரியவில்லை. அலமாரி வழியாகவே சறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பயம் வரவில்லை. அதையும் அவள் கவனித்தாள். தரை குளிர்ச்சியாக இருக்கிறது, கழுத்து வியர்க்கிறது, இரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று வகுப்பில் விளக்குவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துக்கொண்டாள். முகத்துக்கு நேரே ஊசல் தொங்கியது. அசையவில்லை. ஒரு விரலை நீட்டினால் எட்டும். நீட்ட வேண்டும் என்று நினைத்தாள். விரல் மடியிலேயே கிடந்தது.

வெளியே மேஜைமேல் போன் அதிர்ந்தது. மரத்தில் அது உறுமிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நகரும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அப்புறம் எடுக்கலாம் என்று நினைத்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தடதடவென்று ஓடிவரும் சத்தம். கெமிஸ்ட்ரி ஓடி அவள் பார்த்ததே இல்லை.

"அடிப்பாவி!" உள்ளறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் யாரோ ஒரு பிள்ளையிடமிருந்து பிடுங்கி வந்த பழச்சாறு. "குடி. பேசாதே. குடி."

இவள் உறிஞ்சினாள். இனிப்பு நாக்கில் பட்டது. இனிப்பு என்று தெரிந்தது, அவ்வளவுதான். கெமிஸ்ட்ரி டப்பாவைத் திறந்து, சோற்றைக் காயோடு பிசைந்து, ஒரு வாய் எடுத்தாள்.

"வாயைத் திற."

"பசிக்கலை."

"பசிக்கலைன்னா பசிக்காமலே சாப்பிடு. எட்டாம் வகுப்புக்குப் போகணும்னு ஆசைப்பட்டா போறே? மணி அடிச்சதும் போறேல்ல? அது மாதிரி இதுவும் ஒரு வகுப்புன்னு நினைச்சுக்கோ. திற வாயை."

அதில் இருந்த நியாயம் அவளுக்குப் பிடித்திருந்தது. வாயைத் திறந்தாள். மென்றாள். சாம்பல் திரை ஓரங்களிலிருந்து விலகத் தொடங்கியது.

"எப்படி வந்தே?" என்றாள்.

"உன் பொண்ணு கூப்பிட்டா. 'ஆன்ட்டி, அம்மா அந்த ரூம்ல இருப்பா, ஓடுங்க'ன்னு கத்தறா. எந்த ரூம்னு கேட்டா, உத்தரத்துல கொக்கி இருக்கிற ரூமாம். எனக்கே தெரியாது இப்படி ஒரு கொக்கி இருக்குன்னு." அப்போதுதான் அவள் நிமிர்ந்து, தொங்கும் நூலையும் குண்டையும் அதோடு கட்டியிருந்த வாட்சையும் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அட கர்மமே," என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு தன் போனை இவள் காதில் வைத்தாள். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவே இல்லை.

"அம்மா?"

"ம். ஒண்ணுமில்ல. லேசா தலை சுத்திச்சு."

மறுமுனையில் மூச்சுக் கேட்டது. பின்னால் காற்றும் ஏதோ இயந்திர இரைச்சலும். மகள் மேலே, கோபுரத்தில் எங்கோ நிற்கிறாள் போலிருந்தது.

"ஒரு மீட்டர்தானே?" என்றாள் மகள்.

அம்மா வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள்.

"நிமிஷத்துக்கு அறுபது அடி. எப்பப் பார்த்தாலும் அறுபது. எந்த மனுஷிம்மா இப்படி நடப்பா? படி ஏறினா குறையணும், யாரையாவது பார்த்து நின்னா குறையணும். மனுஷங்க களைச்சா மெதுவாயிடுவாங்க. இது மெதுவாகவே இல்ல. அதே அறுபதுல போய்க்கிட்டே இருந்து, சட்டுனு நிக்குது. களைச்சாலும் வேகம் குறையாம, வீச்சு மட்டும் சுருங்கிச் சுருங்கி ஓயறது உலகத்துல எதுன்னு எனக்கு யார் சொல்லிக்கொடுத்தா? நான் தினமும் பாலம் ஆடி ஓயற கோட்டைத்தான்மா பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், வேலையே அதுதான்."

"நல்லாக் கண்டுபிடிச்சிருக்கே," என்றாள் அம்மா. டீச்சர் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

"நூலையாவது கொஞ்சம் கூட்டிக் குறைச்சிருக்கலாம். புத்தகத்துல இருக்கிற அதே ஒரு மீட்டர். ஏமாத்தறதுலகூட பாடத்திட்டத்தைத் தாண்ட மாட்டே." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம். "ஆன்ட்டியோட டப்பா மூடி மஞ்சள் கலர்னும் எனக்குத் தெரியும். சின்ன வயசுலேர்ந்து பார்க்கறேன்."

"எப்போ தெரிஞ்சுது?"

"ஊசல் ஆடின ரெண்டாவது நாளே."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தே?"

காற்று இரைச்சல் குறைந்தது; மகள் எங்கோ ஒதுங்கி நின்றிருக்க வேண்டும். பிறகு மகள் சொன்னாள்:

"அது தானா ஆடாதில்லம்மா. மணிக்கு மணி யாராவது வந்து தள்ளிவிடணும். கோடு புதுசா எழும்பறப்பல்லாம், சரி, அம்மா எழுந்து, குளிச்சு, பள்ளிக்கூடம் வந்து, அந்த ரூமுக்கு நடந்து வந்து, குனிஞ்சு தள்ளியிருக்கா. அவ்வளவாவது நடக்குதேன்னு நினைச்சுப்பேன். கேட்டா நீ அதையும் நிறுத்திடுவியோன்னு பயம். இன்னிக்கு மத்தியானம் கோடு எழும்பலை."

அம்மா எதிரே தொங்கிய குண்டைப் பார்த்தாள். பல் ஊசியின் வேகம் இறங்கும்போது உதட்டின் ஒரு மூலையில் முதலில் குறுகுறுக்கும். சுகமாக இருக்காது. அந்த மாதிரி என்னவோ ஒன்று விலா எலும்புக்குக் கீழே ஊர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது.

"டிக்கெட் பார்த்துட்டேன்," என்றாள் மகள். "பணம்தான் இன்னும் கட்டலை."

"வடம் எப்போ இழுக்கறீங்க?"

"பேச்சை மாத்தாதே."

"எப்போ?"

"காத்து குறைஞ்சதும். அடுத்த வாரம் இருக்கலாம்."

"நீ இல்லாம இழுப்பாங்களா?"

"இழுப்பாங்க. யார் இல்லாமலும் இழுப்பாங்க."

"வராதே," என்றாள் அம்மா. அந்த ஒரு சொல்லைச் சொல்லப் பலம் வேண்டியிருந்தது. "வாட்சைக் கையில கட்டிக்கறேன்."

"இப்படித்தான் போன தடவையும் சொன்னே."

"போன தடவை சரின்னு சொன்னேன். இப்போ கட்டிக்கறேன்னு சொல்றேன்."

மகள் யோசித்தாள். "எனக்கு நிறைய வேண்டாம்மா. பொய்யா மலையளவு வேண்டாம், நிஜமா துளி போதும். அடுத்த வாரம் வரைக்கும் பார்ப்பேன். மறுபடி அறுபது வந்துது, போன் பண்ணமாட்டேன், நேரா வாசல்ல வந்து நிப்பேன்."

"அவ சாப்பிட ஆரம்பிச்சிருக்கா, நீ வை," என்று கெமிஸ்ட்ரி போனை வாங்கிக்கொண்டாள். "இனி இவளை நான் பார்த்துக்கறேன். நீ கீழே இறங்கு முதல்ல, அந்த உசரத்துல நின்னுக்கிட்டு அழாதே."

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா பையை மேஜைமேல் கவிழ்த்தாள். திருத்தாத பேப்பர்கள், சாக்பீஸ் துண்டுகள், அடியில் நாலாக மடித்த டைம்டேபிள். இந்தப் பருவத்துடையது. அவர் பார்க்காத முதல் டைம்டேபிள். அதை விரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

ஒன்றும் தோன்றவில்லை. அவரைப்போல யோசிக்கப் பார்த்தாள்; வரவில்லை. பிறகு தன்னைப்போல யோசித்தாள். இது ஒரு கணக்கு. நாளைக்குக் காலை நான்கு வகுப்பு தொடர்ச்சி. நடுவில் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கும் இடைவெளி மட்டும் உண்டு. வண்டிக்கு வழியில் பெட்ரோல் போடுவதுபோல, அந்த இடைவெளியில் உள்ளே ஏதாவது போக வேண்டும். வேகவைத்த கிழங்கு. ஒரு வாய்க்கு ஒன்று. கையில் ஒட்டக் கூடாது.

அவர் ஏன் கிழங்கைச் சதுரமாக வெட்டுவார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சதுரம் டப்பாவில் உருளாது. மூடியைத் திறந்ததும் ஒன்றை மட்டும் தனியாக எடுக்கலாம். இத்தனை வருஷமும் சாப்பிட்டிருக்கிறாள். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

மறுநாள் முட்டை கல்லாக வெந்திருந்தது. கிழங்கில் உப்பு இல்லை. மத்தியானம் அதைப் படம் எடுத்து அனுப்பினாள். கெமிஸ்ட்ரி எட்டிப் பார்த்து, "இதைச் சாப்பிடறதும் ஒண்ணு, ஆய்வகத்துல எடைக்கல்லைச் சாப்பிடறதும் ஒண்ணு," என்றாள். ஆனாலும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தன் டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி காயை இவள் டப்பாவில் வைத்தாள்.

பசி வரவில்லை. சாப்பிட்டாள். வகுப்புக்குப் போவதுபோலப் போய் உட்கார்ந்து, வகுப்பு முடிப்பதுபோல முடித்தாள். பிறகு வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு வராந்தாவின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள். வழியில் ஒரு மாணவி ஏதோ சந்தேகம் கேட்டாள், இவள் நின்றாள். தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பையன்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், வேகமாகப் போனாள். திரும்பும்போது கால் வலித்தது, மெதுவாக வந்தாள். அவ்வளவுதான். ஊசல் அந்த அறையில் சும்மா தொங்கியது. மதியத்துக்கு மேல் பதினொன்றாம் வகுப்பில் பாதி நேரம் நின்றுகொண்டு நடத்தினாள். மீதி நேரம் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரமெல்லாம் இப்படியே போனது. நல்ல நாள் என்று எதையும் சொல்ல முடியாது. மகள் கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை. வாசலில் மணி அடித்தபோதெல்லாம் மகள்தானோ என்று கதவைத் திறந்தாள். ஒரு தடவை குழாய் ரிப்பேர் செய்பவர், ஒரு தடவை பக்கத்து வீட்டம்மா.

அடுத்த வார வியாழக்கிழமை வந்தது. சாப்பாட்டுக்கு முந்தைய மணி இந்தப் பருவத்திலும் அன்றைக்கு ஓய்வுதான். ஆய்வக மேஜையில் டப்பாவைத் திறந்து, முழுச் சாப்பாட்டையும் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சாம்பல் நிறத் தண்ணீருக்கு மேலே, ஒரு கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்துக்கு, மயிரிழைபோல ஒரு கோடு. நடுவில் கொஞ்சம் தொய்ந்திருந்தது. முதல் வடம்.

கீழே எழுதியிருந்தாள்: "இழுத்தாச்சு. நானும் நின்னேன். உன் கோட்டையும் பார்த்தேன். கோணலும் மாணலுமா, நின்னு நின்னு போகுது. எந்த ஊசலாலயும் இப்படி ஒரு கோடு போட முடியாது. முட்டையைச் சீக்கிரம் இறக்கு."

அவள் படத்தைப் பெரிதாக்கி அந்தத் தொய்வை வெகுநேரம் பார்த்தாள். இன்னும் எடை ஏறாத வடம். எடை ஏற ஏற அதன் வடிவம் மாறும். அதை அடுத்த வாரம் பதினொன்றாம் வகுப்புக்கு வரைந்து காட்டலாம் என்று தோன்றியது. வரைய நின்றாக வேண்டும் என்றும் தோன்றியது.

மணி அடித்தது. வகுப்புகளில் பெஞ்சுகள் இழுபடும் சத்தமும் வராந்தாவில் பிள்ளைகள் குரலும் எழுந்தன. டப்பாவில் இன்னும் நாலு துண்டு கிழங்கு இருந்தது. அவள் அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.